மணியும் மணி நேரமும்

நுட்பமான வேறுபாடுகளைச் சின்னஞ்சிறு சொற்களால் புலப்படுத்தவல்லது நம் தமிழ்மொழி. 'மூன்று மணி' என்றால் ஒரு பொருள். 'மூன்று மணி நேரம்' என்றால் மற்றொரு பொருள். முன்னது ஒரு நாளுக்குள் அமைந்த ஓர் இடத்தைச் சுட்டுகிறது. பின்னது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடம்வரை உள்ள தொலைவை அளக்கிறது. மூன்று மணிக்குப் பேருந்து புறப்படும் என்பதையும், மூன்று மணி நேரத்தில் பேருந்து ஊர்போய்ச் சேரும் என்பதையும் தமிழ் பேசும் எச்சிறுவனும் குழப்பிக்கொள்வதில்லை. ஆயினும் பேச்சில் தெளிவாக நிற்கும் இவ்வேறுபாடு, தாளில் வெறும் எண்ணாக எழுதப்பட்டவுடன் மங்கிவிடுகிறது. 'நேரம்' என்னும் ஒரு சொல் உதிர்ந்துபோவதால் உழைப்பவரின் கூலி குறைகிறது. நோயாளியின் மருந்து முறை தவறுகிறது. பயணியின் வண்டி தவறுகிறது. ஆகவே இரண்டு கடிகார நேரங்களுக்கு இடையே கழிந்த காலத்தைக் கணக்கிடும் திறன் கணக்காசிரியரின் பொறுப்பு மட்டுமன்று, மொழியாசிரியரின் பொறுப்புமாகும் என்பதே ஈண்டு நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து.

தொடக்கப்பள்ளியில் முடிந்துபோன கணக்குக்குக் கல்லூரித் தமிழ்த்துறை மலரில் என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். அப்பாடம் பள்ளியோடு முடிந்துவிடவில்லை என்பதனாலேயே அதற்கு இங்கே இடம் தருகின்றோம்.

அறுபதின் மரபு

காலத்தை அளந்து அறிவித்தல் தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டில் நப்பூதனார் பாசறையைப் பாடுமிடத்தில், நீர்க்கடிகையைக் கண்டு மன்னனுக்குப் பொழுது உரைப்போரைக் காட்டுகின்றார். பொழுதை அளப்பதற்கென்றே தனிமாந்தர் அமர்த்தப்பட்டிருந்தனர் என்பதும், அவர்தம் சொல் பிழையாதது எனக் கருதப்பட்டது என்பதும் அப்பாட்டால் விளங்கும்.

ஒரு நாளை அறுபது நாழிகையாகவும், ஒரு நாழிகையை அறுபது விநாழிகையாகவும் நம் முன்னோர் பகுத்தனர். இன்றைய கணக்கில் ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணி நேரம். ஏழரை நாழிகை கொண்ட ஒரு சாமம் 3 மணி நேரம். விநாழிகையின் மறுவடிவமாகிய விநாடி அந்நாளில் 24 நொடிகள் கொண்ட அளவாக இருந்தது. இந்நாளிலோ அச்சொல் ஒரு நொடியையே குறிக்கின்றது. சொல் நிலைத்திருக்க, அளவு மாறிவிட்டது.

அறுபதை அடிப்படையாகக் கொண்டு எண்ணும் முறையைப் பண்டைய பாபிலோனியர் வளர்த்தெடுத்தனர். அரபு நாட்டு வானியலார் அதனைப் பேணி நுட்பமாக்கினர். கி.பி. 973இல் பிறந்த அல்பீரூனி, மணியை அறுபது பகுதியாகவும், அப்பகுதி ஒவ்வொன்றையும் மீண்டும் அறுபதாகவும் பகுத்துத் திங்களின் ஓட்டத்தைக் கணக்கிட்டார். அரபு மொழியில் நிமிடத்திற்குத் 'தகீக்கா' என்று பெயர்; நுண்ணியது என்பது அதன் பொருள். நொடிக்கு 'ஸானியா' என்று பெயர். இரண்டாவது என்பது அதன் பொருள். மணியை முதன்முறை பகுத்தால் நிமிடம், இரண்டாம் முறை பகுத்தால் நொடி என்னும் கணக்கு அச்சொல்லிலேயே பொதிந்துள்ளது. பிற்காலத்தில் பெரிய பள்ளிவாசல்களில் தொழுகை நேரங்களைக் கணித்துரைக்க 'முவக்கித்' என்னும் அறிஞர் அமர்த்தப்பட்டனர். பதினான்காம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் அப்பணியாற்றிய இப்னுஷ் ஷாத்திர் உலகம் போற்றும் வானியலறிஞர்.

இங்ஙனம் பாசறையிலும் பள்ளிவாசலிலும் தனி அறிஞர் கையில் இருந்த கணக்கு, இன்று ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் சட்டைப்பையிலும் வந்து அமர்ந்துவிட்டது. கருவி வந்தது, கணக்கும் உடன் வந்ததா என்பதே வினா.

புள்ளி செய்யும் பிழை

நம் நாளிதழ்களும் அழைப்பிதழ்களும் நேரத்தை எழுதும் முறையை நோக்குவோம். 'மாலை 5.30 மணி' என்று இடையில் ஒரு புள்ளி இட்டு எழுதுகின்றோம். அதே புள்ளியைத்தான் பதின்மப் பின்னம் எழுதவும் பயன்படுத்துகின்றோம். ரூபாய்க் கணக்கில் 5.30 என்றால் ஐந்து ரூபாய் முப்பது காசு. நூறு காசு சேர்ந்தால் ஒரு ரூபாய். நேரக்கணக்கிலோ அறுபது நிமிடம் சேர்ந்தால் ஒரு மணி நேரம். இரண்டு வேறு உலகங்களுக்கு ஒரே அடையாளக் குறி அமைந்துவிட்டது.

இதனால் விளையும் இழப்பை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஒரு கடையில் ஒரு பெண்மணி இடைவேளை நீங்கலாக நாள்தோறும் 7 மணி நேரம் 45 நிமிடம் பணிபுரிகின்றார் என்று கொள்வோம். கணக்கெழுதுபவர் அதனை ஏட்டில் 7.45 என்று குறிக்கின்றார். திங்கள் முடிவில் கணிப்பானை எடுத்து 7.45ஐ 25 நாளால் பெருக்குகின்றார், விடை 186.25 மணி நேரம். உண்மையில் 45 நிமிடம் என்பது முக்கால் மணி நேரம். ஆகவே பெருக்கப்பட வேண்டிய எண் 7.75, விடை 193.75 மணி நேரம். நாளொன்றுக்கு 18 நிமிடமாகக் கசிந்து, திங்கள் முடிவில் ஏழரை மணி நேர உழைப்பு ஏட்டிலிருந்து மறைந்துவிட்டது. மணி நேரத்துக்கு 80 ரூபாய் கூலி என்றால் இழப்பு 600 ரூபாய். ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் அவர் கூலியின்றி உழைத்திருக்கின்றார். கணக்கெழுதியவர் வஞ்சகர் அல்லர். கூலி பெற்றவரும் ஐயுறவில்லை. ஒரு புள்ளி இருவரையும் ஏமாற்றிவிட்டது.

ஏமாற்றும் எண்ணம் இல்லாத இடத்திலேயே இவ்வளவு இழப்பு என்றால், அவ்வெண்ணம் உள்ள இடத்தில் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளின் தோல் மற்றும் காலணித் தொழிற்கூடங்களிலும், கடைவீதிகளிலும் உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகள் நம் கல்லூரிகளில் பயில்கின்றனர். அப்பெற்றோரின் கூலி நேரத்தால் அளக்கப்படும்பொழுது, அந்நேரத்தைச் சரிபார்க்கும் திறன் பிள்ளைகளிடமேனும் இருத்தல் வேண்டாமா?

1923ஆம் ஆண்டு மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் தொழிலாளர் நாளைக் கொண்டாடினார். அந்நாளின் உயிர்நாடியான கோரிக்கை எட்டு மணி நேர வேலை என்பதாகும். எத்தனை மணிக்கு வருவது, எத்தனை மணிக்குப் போவது என்பதைவிட, உழைப்பின் மொத்த அளவுக்கு ஒரு வரம்பு வேண்டும் என்பதே அக்கோரிக்கை. நூறாண்டு கழித்து, 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் நாளொன்றுக்கு 12 மணி நேரம்வரை வேலை பெற வழிசெய்யும் சட்டத்திருத்தம் தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியது. கடும் எதிர்ப்பு எழவே மே முதல் நாளில் அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மணி நேரத்துக்காக ஒரு சமுதாயம் இத்துணைப் போராடியிருக்க, அதனை எண்ணத் தெரியாதிருத்தல் பொருந்துமா?

கணக்கிடும் நெறி

கழிந்த காலத்தைக் காண எளிய நெறிகள் மூன்று உள்ளன. 

முதலாவது கடைக்காரர் நெறி. 67 ரூபாய்ச் சரக்குக்கு 100 ரூபாய் கொடுத்தால் நம் கடைக்காரர் கழித்தல் கணக்குப் போடுவதில்லை. 67இலிருந்து 70, 70இலிருந்து 100 என ஏறுமுகமாக எண்ணி மீதியைத் தந்துவிடுவார். நேரத்தையும் அவ்வாறே எண்ணலாம். காலை 8 மணி 47 நிமிடத்துக்குத் தொடங்கிய பணி பிற்பகல் 1 மணி 12 நிமிடத்துக்கு முடிந்தது என்க. 8 மணி 47இலிருந்து 9 மணிவரை 13 நிமிடம். 9 மணியிலிருந்து 1 மணிவரை 4 மணி நேரம். அதன்மேல் 12 நிமிடம். ஆகக் கழிந்த காலம் 4 மணி நேரம் 25 நிமிடம்.

இரண்டாவது கடன்வாங்கும் நெறி. பிற்பகல் 1 மணியை 13 எனக் கொண்டு, 13 மணி 12இலிருந்து 8 மணி 47ஐக் கழிக்க வேண்டும். 12இல் 47 போகாது. ஆதலால் ஒரு மணியைக் கடன் வாங்குகின்றோம். இங்கேதான் மாணவர் இடறுகின்றனர். பழக்கத்தால் நூறு என்று கொண்டுவிட்டால் விடை பிழைபட்டுவிடும். கடன் வாங்கியது அறுபது. எனவே 12 மணி 72 நிமிடம் ஆகின்றது. 72இல் 47 போக 25. 12இல் 8 போக 4. முன் கண்ட விடையே கிடைக்கின்றது.

மூன்றாவது, இரண்டு நேரங்களையும் நிமிடங்களாக மாற்றிக் கழிக்கும் நெறி. 792இல் 527 போக 265 நிமிடம்; அதனை அறுபதால் வகுத்தால் 4 மணி நேரமும் 25 நிமிடமும் ஆம். கணிப்பானில் இடத்தக்கது இதுவே.

நண்பகலைக் கடக்கும் கணக்குக்கு நண்பகலையே படியாகக் கொள்ளல் நலம். அதிகாலை 4 மணி 55 நிமிடத்துக்கு ஸஹர் முடிந்து, மாலை 6 மணி 25 நிமிடத்துக்கு நோன்பு திறக்கும் நாளில் நோன்பின் நீளம் என்ன? முதன்முறை நோன்பு நோற்கும் சிறுவர்கள் ஆவலோடு கேட்கும் கேள்வி இது. நண்பகல்வரை 7 மணி நேரம் 5 நிமிடம். நண்பகலுக்குப் பின் 6 மணி நேரம் 25 நிமிடம். ஆக 13 மணி நேரம் 30 நிமிடம். நள்ளிரவைக் கடக்கும் கணக்கும் இத்தகையதே. இரவு 10 மணி 40 முதல் காலை 6 மணி 15 வரை எனின், நள்ளிரவுவரை 1 மணி நேரம் 20 நிமிடம். அதன்பின் 6 மணி நேரம் 15 நிமிடம். ஆக 7 மணி நேரம் 35 நிமிடம்.

நாள் எங்கே தொடங்குகின்றது?

நள்ளிரவைக் கடக்கும்போது கணக்கைவிட நாளின் பெயரே மிகுதியும் இடர் தருகின்றது. பஞ்சாங்க வழக்கில் நாள் கதிரவன் எழும்போது பிறக்கின்றது. பிறைக்கணக்கில் நாள் கதிரவன் மறையும்போது பிறக்கின்றது. ஆங்கில நாட்காட்டியிலோ நள்ளிரவில் பிறக்கின்றது. நம் சமுதாய அழைப்பிதழ்களில் 'வியாழன் பின்னேரம் வெள்ளி இரவு' என்று அச்சிடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இரண்டு நாட்காட்டிகளின் பெயரையும் சேர்த்துச் சொல்லி ஐயம் தீர்த்த முன்னோரின் நுண்ணறிவு போற்றத்தக்கது. அச்சொற்றொடரைப் பழமை என்று நகைப்போர், அது எத்தனை பேரைத் தவறான நாளில் வந்து நிற்காமல் காத்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அத்தகைய தெளிவு இல்லாத இடத்தில் என்ன நேர்கின்றது என்பதைத் தொடர்வண்டி நிலையத்தில் காணலாம். பன்னிரண்டாம் தேதி 0 மணி 15 நிமிடத்துக்குப் புறப்படும் வண்டிக்குப் பயணச்சீட்டு வாங்கியவர், பன்னிரண்டாம் தேதி இரவு உணவருந்தி நிலையத்துக்கு வருகின்றார். வண்டியோ ஏறத்தாழ ஒரு நாள் முன்பே போய்விட்டது. பதினோராம் தேதி இரவே அவர் வந்திருத்தல் வேண்டும். விண்ணப்பத்துக்குக் கடைசி நேரம் 'இரவு 11 மணி 59 நிமிடம்' என்று அறிவிப்போர் அவ்வொரு நிமிடத்தைக் குறைப்பதும் இக்காரணம் பற்றியே. 'நள்ளிரவு 12 மணி' என்றால் அது எந்தத் தேதியின் நள்ளிரவு என்னும் ஐயம் எழும்.

சட்டமும் இவ்விடரை உணர்ந்திருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இரவுப்பணி நள்ளிரவைத் தாண்டி நீளுமானால், நள்ளிரவுக்குப் பின் உழைத்த நேரத்தையும் முந்தைய நாளின் கணக்கிலேயே சேர்க்க வேண்டும் என்று விதித்தது. அவ்விதி இல்லையெனில், இரவு 8 மணி முதல் காலை 6 மணிவரை உழைத்த ஒருவரின் பத்து மணி நேரத்தை ஒரு நாளுக்கு 4, மறுநாளுக்கு 6 என்று பிரித்து எழுதி, மிகைநேரமே இல்லை என்று காட்டிவிட முடியும். அச்சட்டம் நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேற்படாத வேலை என்றும், ஓய்வு உட்படத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பத்தரை மணி நேரத்துக்கு மேற்படாத பரவல் என்றும் இரண்டு வரம்புகளை வகுத்தது. காலை 8 மணி 30க்கு வந்து இரவு 7 மணிக்கு வெளியேறுபவரின் பரவல் பத்தரை மணி நேரம். நடுவே ஒன்றரை மணி நேர ஓய்வு இருந்தால் வேலை 9 மணி நேரம். கழிந்த காலம் வேறு, உழைத்த காலம் வேறு என்னும் தெளிவை இங்குக் காண்கின்றோம். 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. மிகைநேர உழைப்புக்கு இரட்டிப்பு ஊதியம் என்னும் நெறி அதிலும் தொடர்கின்றது. நெறி ஏட்டில் இருப்பினும், மிகைநேரம் எவ்வளவு என்று எண்ணத் தெரிந்தவர்க்கே அது பயன்தரும்.

ஊர் மாறினால்

இதுவரை ஒரே ஊர்க் கடிகாரத்தின் இரண்டு நேரங்களைப் பற்றிப் பேசினோம். கடிகாரமே மாறினால் கணக்குக்கு மேலும் ஒரு படி வேண்டும். 1802இல் சென்னை வானாய்வுக்கூடத்தைச் சார்ந்த ஜான் கோல்டிங்காம் என்பார் சென்னையின் நெடுங்கோட்டைக் கணித்து, சென்னை நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முற்பட்டது என நிறுவினார். பின்னர் இந்தியத் தொடர்வண்டிகள் பலவும் சென்னை நேரத்தின்படியே ஓடின. 1906இல் ஐந்தரை மணி நேர முன்னிலையோடு இந்தியப் பொதுநேரம் ஏற்பட்டது. எனினும் கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை முற்றிலும் விட்டுவிடவில்லை. ஒரே நாட்டுக்குள் பயணம் செய்பவரும் இரண்டு கடிகாரங்களை ஒப்பிட்டுக் கணக்கிட்ட காலம் அது.

அண்டை நாடாகிய இலங்கை 1996 மே மாதத்தில் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. அவ்வாண்டு அக்டோபரில் அரை மணி நேரம் பின்னிழுத்தது. 2006 ஏப்ரலில் மீண்டும் அரை மணி நேரம் பின்னிழுத்துப் பழைய நேரத்துக்கே திரும்பியது. முன்தள்ளிய இரவில் 10 மணி முதல் காலை 6 மணிவரை பணியிலிருந்தவர் உழைத்தது 7 மணி நேரமே. பின்னிழுத்த இரவில் அதே மணிகளுக்கிடையே உழைத்தவர்க்கோ எட்டரை மணி நேரம். முள் காட்டும் எண்களை மட்டும் கழித்தால் இரண்டிலும் எட்டு என்றே விடை வரும்.

நம்மவர் பலர் வளைகுடா நாடுகளில் பொருளீட்டி வருகின்றனர். அவர்தம் இல்லங்களில் இக்கணக்கு அன்றாடத் தேவை. துபாய் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பிற்பட்டது. சவூதி நேரம் இரண்டரை மணி நேரம் பிற்பட்டது. சென்னையில் அதிகாலை 4 மணிக்குப் புறப்படும் வானூர்தி துபாயில் காலை 6 மணி 30க்கு இறங்கினால், பயணம் இரண்டரை மணி நேரம் என்று தோன்றும். துபாயில் இரவு 9 மணி 30க்குப் புறப்பட்டுச் சென்னையில் அதிகாலை 3 மணிக்கு இறங்கினால், ஐந்தரை மணி நேரம் என்று தோன்றும். இரண்டும் உண்மையன்று. இரு முனைகளையும் ஒரே ஊர்க் கடிகாரத்துக்கு மாற்றிக் கழித்தால் போக்கும் வரவும் நான்கு நான்கு மணி நேரமே. கழிக்குமுன் இரண்டு நேரங்களும் ஒரே கடிகாரத்துக்கு உரியனவா என்று வினவுதல் வேண்டும்.

உயிர் காக்கும் கணக்கு

மருந்துச்சீட்டில் 'மூன்று வேளை' என்று எழுதியிருந்தால், காலை 8, பிற்பகல் 1, இரவு 8 என உணவோடு சேர்த்து உட்கொள்கின்றோம். இடைவெளிகளைக் கணக்கிட்டால் 5, 7, 12 மணி நேரம் என வரும். சில மருந்துகளுக்கு அது போதும். சில மருந்துகளுக்கோ குருதியில் அளவு குறையாதிருக்க எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தருதல் வேண்டும். அப்போது காலை 6, பிற்பகல் 2, இரவு 10 என்று அமையும். வேளை என்பது மணியைச் சார்ந்தது. இடைவெளி என்பது மணி நேரத்தைச் சார்ந்தது. எதனைக் கருதி எழுதினீர்கள் என்று மருத்துவரிடம் கேட்டறிதல் நம் கடமை.

பக்கவாதத்தில் இக்கணக்கு இன்னும் கூர்மையானது. மூளைக் குருதிக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்தை, அறிகுறி தோன்றிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்துதல் வேண்டும் என்பது மருத்துவர் பொதுவாகக் கைக்கொள்ளும் வரம்பு. அவ்வளவை மருத்துவமனை வாயிலை அடைந்த நேரத்திலிருந்து எண்ணுவதில்லை. வாய் கோணியது, கை தளர்ந்தது, பேச்சுக் குழறியது ஆகிய அறிகுறிகளின் தொடக்கத்திலிருந்து எண்ணுகின்றனர். உறக்கத்தில் நேர்ந்திருந்தால், அவர் நலமாகக் கடைசியாகக் காணப்பட்ட நேரமே தொடக்கம். இரவு 10 மணி 30க்கு நலமாகப் படுத்தவர் காலை 5 மணி 30க்கு வாய் கோணி எழுந்தால், மருத்துவர் கணக்கில் முன்பே 7 மணி நேரம் கழிந்துவிட்டிருக்கலாம். சிறப்புப் படப்பதிவு வசதியுள்ள மருத்துவமனைகளில் சிலருக்கு வரம்பு நீளக்கூடும். எனினும் அதனை முடிவுசெய்யவும் அந்தத் தொடக்க நேரம் தெரிதல் வேண்டும். 'காலையில்தான் வந்தது' என்னும் மங்கலான விடையால் பயனில்லை. கடைசியாக எத்தனை மணிக்கு நலமாகப் பேசினார் என்று வீட்டார் சொல்வதே மருத்துவருக்கு வழிகாட்டும். இல்லத்து முதியோர் நலனுக்காக ஒவ்வொரு மாணவரும் இதனை நினைவில் நிறுத்துதல் வேண்டும்.

கருவி செய்யாதா?

கைப்பேசி இருக்க இக்கணக்கெல்லாம் எதற்கு என்பார் உளர். கருவி தன்னிடம் இடப்பட்ட எண்களைக் கழிக்கும். எந்த எண்ணை இடவேண்டும் என்று அதற்குத் தெரியாது. அறிகுறியின் தொடக்கத்தை இடுவதா, மருத்துவமனை சேர்ந்த நேரத்தை இடுவதா என்பதை அது வினவாது. 7.45 என்று இட்டால் ஏழும் நாற்பத்தைந்து நூற்றிலொரு பங்கும் என்றே அது கொள்ளும்.

கணினிக் கணக்குத்தாளிலும் இத்தகைய குழி ஒன்றுண்டு. நாளுக்கு 8 மணி நேரம் வீதம் ஆறு நாளின் நேரத்தைக் கூட்டினால் 48 மணி நேரம். வழக்கமான கடிகார வடிவில் அக்கூட்டுத்தொகையைக் காட்டச் சொன்னால், இருபத்துநான்கைத் தாண்டியவுடன் முழு நாட்களைக் கழித்துவிட்டு எஞ்சியதை மட்டும் காட்டும். திரையில் தோன்றுவது சுழியம். ஒரு வாரம் முழுதும் உழைத்தவர்க்குச் சுழியமா என்று திடுக்கிட்டு, அது மணி அன்று, மணி நேரம் என்று அறிந்து வடிவத்தை மாற்றுபவர்க்கே கருவி ஏவல் செய்யும். ஏனையோர் கருவிக்கு ஏவல் செய்வர்.

செய்யத்தக்கன

குறையை மட்டும் கூறி அமைதல் முறையன்று. செய்யத்தக்க சிலவற்றையும் முன்வைக்கின்றோம்.

தமிழில் எழுதுவோர் கழிந்த காலத்தைக் குறிக்கும்போது 'நேரம்' என்னும் சொல்லை ஒருபோதும் விடலாகாது. '4 மணி 25 நிமிடம்' என்பது கடிகாரத்துக்கும், '4 மணி நேரம் 25 நிமிடம்' என்பது காலஅளவுக்கும் உரியதாக நிலைபெறட்டும். மணிக்கும் நிமிடத்துக்கும் இடையே ஒற்றைப் புள்ளி இடுவதைத் தவிர்த்து, இரட்டைப் புள்ளியோ சொற்களோ கொண்டு எழுதுவோம். சிறு மாற்றந்தான், ஆயினும் கூலி ஏடுகளில் அதன் பயன் பெரிது.

தமிழாசிரியர்கள் பயன்பாட்டுத் தமிழ் வகுப்பில் அழைப்பிதழ், அறிவிப்பு, விண்ணப்பம் எழுதப் பயிற்றும்போது, நாள், வேளை, மணி, காலஅளவு ஆகிய நான்கையும் ஐயமறக் குறிக்கப் பயிற்றுதல் வேண்டும். இரவு நிகழ்ச்சி எனின் எந்த இரவு என்பது தெளிவாகட்டும்.

சமுதாயப் பெரியோர்கள் தம் கடைகளிலும் தொழிற்கூடங்களிலும் வருகை ஏட்டை ஒருமுறை எடுத்து நோக்குதல் வேண்டும். வந்த மணி, சென்ற மணி, ஓய்வு, உழைத்த மணி நேரம் என நான்கு கட்டங்கள் உள்ளனவா? நிமிடங்கள் அறுபதின் கணக்கில் கூட்டப்பட்டுள்ளனவா? உழைத்தவர் தாமே படித்துச் சரிபார்க்கத்தக்க வகையில் ஏடு தமிழில் உள்ளதா? கூலி தாமதமின்றிக் கொடுக்கப்படல் வேண்டும் என்று நாம் பலகாலும் பேசுகின்றோம். குறைவின்றி எண்ணப்படலும் அதனோடு ஒத்த கடமையே.

மாணவச் செல்வங்களே! இந்த வாரமே உங்கள் இல்லத்தில் நேரத்துக்குக் கூலி பெறுவோர் எவரேனும் இருப்பின், அவர் அருகில் அமர்ந்து, ஒரு திங்களின் கணக்கை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். கடைக்காரர் நெறியே போதும், கணிப்பானும் வேண்டுவதில்லை. கணக்குச் சரியாக இருந்தால் முதலாளிக்கு நன்றி கூறுங்கள். குறைந்திருந்தால், பணிவாகவும் தெளிவாகவும் எடுத்துரையுங்கள். அவ்வாறு எடுத்துரைக்க வேண்டிய சொற்களைத் தருவதற்கே தமிழ்த்துறை இருக்கின்றது. மணியையும் மணி நேரத்தையும் பிரித்தறியும் நுட்பத்தை நம் தாய்மொழி தந்துள்ளது. அதனைக் கணக்கேட்டிலும் காப்போமாக.